பதினொரு பங்கும் நாலு வீடும்

ஊற்றுப்பள்ளம், கொல்லிமலை
9-8-1936

பாசமுள்ள அண்ணன் அப்பாசாமிக்கும் அண்ணி அம்சவேணிக்கும் கண்ணாயி எழுதுவது.

நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். சேந்தமங்கலத்து வெயிலில் வாத்தியார் வேலை பார்க்கும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். மூன்று மாதமாகக் கடிதம் இல்லையே என்று கோபித்திருப்பீர்கள். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இங்கிருந்து யாரும் இறங்கவில்லை. இறங்கினாலும், இறங்குகிறேன் என்று மற்றவரிடம் சொல்லுகிற ஆட்கள் இங்கே இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

புறப்பட்ட அன்று, "சொந்த பந்தத்த உட்டுப்போட்டு எவனோ நாலு பேரு நடுவுல போயி உக்காரப் போறயா?" என்று கத்தினீர்கள். கத்துங்கள், அண்ணன் கத்தாமல் யார் கத்துவது? ஆனால் அங்கே, மாமியார் ஊரில், எங்கள் பாடு உங்களுக்குத் தெரியாததா? உங்கள் மாப்பிள்ளையோடு பிறந்தவர்கள் ஐந்து பேர், எல்லாரும் ஒருதாய்ப் பிள்ளைகள், நல்லவர்கள். ஆனால் வாய்க்கால் ஒன்றுதானே. மடை திறக்கிற நேரத்தில் யாரும் யாருக்கும் அண்ணன் தம்பி இல்லை. எங்கள் பங்குக்கு வந்த வயலில் நான் படுத்தால் கால் அடுத்தவர் வரப்பில் இருக்கும்.

இங்கே நிலம் தாராளம். சாமையும் கேழ்வரகும் போட்டிருக்கிறோம். நாலு குடும்பம், நாலு ஊர், ஒருவருக்கொருவர் எந்த முறையும் கிடையாது. ஆளுக்கு ஒரு மூலையில், தங்கள் தங்கள் காட்டு நடுவில் குடிசை போட்டிருக்கிறோம். ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குப் பாதிதான் கேட்கும். கிழக்கே பாப்பாயி, புருசன் இல்லாதவள், பத்து ஆடு வைத்திருக்கிறாள். மேற்கே அர்த்தனாரியும் அவர் பெண்சாதியும். அவர் பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். தெற்கே ராசப்பன் என்று ஒருத்தன், முப்பது வயதாகியும் பெண் கிடைக்காத சோம்பேறி.

இந்த ராசப்பனுக்கு ஒரு வித்தை உண்டு. சிறுத்தை மாதிரி உறுமுவான். அவன் காட்டில் குரங்கு இறங்கினால் ஒரே உறுமல், எல்லாம் தாவி எங்கள் காட்டுக்கு வந்துவிடும். அங்கிருந்தபடியே, "ஏனுங்கக்கா, கொரங்கு உங்க பக்கமா வருதுங்க, பாத்துக்கங்க" என்று மரியாதையாகச் சொல்லுவான். நான் தகரத்தைத் தட்டி அவன் பக்கமே திருப்பி விடுவேன். குரங்குகளுக்கு நல்ல நடைப்பயிற்சி. நடக்கிற வழியில் சாமையைத் தின்றுகொண்டே நடக்கின்றன.

உங்கள் மாப்பிள்ளையின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மச்சாண்டார், அங்கே எங்கள் வயலை வருகிற வைகாசி வரைக்கும் விட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வெள்ளாமை குதிர் நிறைந்தால் இங்கேயே இருப்போம். இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான். எனக்குத் திரும்ப மனசில்லை அண்ணா. இந்த மண்ணை நானே கொத்தினேன்.

உங்கள் தங்கை,
கண்ணாயி


சேந்தமங்கலம்
30-8-1936

அருமைத் தங்கை கண்ணாயிக் கண்ணுக்கு அண்ணன் அப்பாசாமி ஆசிகளுடன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணி நாலு தரம் படிக்கச் சொன்னாள். குரங்கு கதைக்குச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மடை திறக்கும்போது சண்டை போட்ட அதே பங்காளிதான், உனக்குக் காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு வந்து நிற்பான். அங்கே உனக்குச் சுக்கு அரைத்துப் போட யார் வருவார்? குரங்கை உன் காட்டுக்கு ஓட்டி விடுகிறவனா வருவான்?

போனது போய்விட்டாய். ஒன்று மட்டும் சொல்கிறேன், மாப்பிள்ளையிடமும் சொல். பங்காளிகளை விட்டுவிடாதீர்கள். நல்லது கெட்டது எதுவானாலும் முதல் பங்கு அவர்களுக்குப் போகட்டும். அந்த மூன்று வீட்டாரோடு பேச்சு வார்த்தை அளவோடு இருக்கட்டும். நாளைக்கு எவன் எங்கே போவானோ.

இங்கே நாங்கள் நலம். எதிர்வீட்டுக்காரர் பெயர் இரண்டு வருடமாகியும் எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன செய்யப் போகிறேன்?

அண்ணன்,
அப்பாசாமி


ஊற்றுப்பள்ளம்
4-10-1936

அண்ணனுக்குக் கண்ணாயி எழுதுவது.

உங்கள் புத்திமதியைக் கேட்டு நடந்தோம். நடந்ததன் பலனைச் சொல்லுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் எங்கள் காட்டு ஓரம் வெட்டியிருந்த குழியில் ஒரு காட்டுப்பன்றி விழுந்தது. அடேயப்பா, என்ன பன்றி! எங்கள் காட்டுக்கு மட்டுமா வந்தது அது? பாப்பாயி காட்டில் பாதியை உழுது, அர்த்தனாரி காட்டைச் சுற்றிப் பார்த்து, ராசப்பன் காட்டில் பசியாறி, கடைசியில் எங்கள் குழிக்கு வந்து சேர்ந்தது. பன்றி விழுந்தால் அண்ணன் தம்பி, பெரியப்பன் சித்தப்பன் என்று பங்காளித் தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும், வீட்டுக்கு ஒரு பங்கு என்பது நம் முறை. உங்கள் மாப்பிள்ளை மறுபேச்சு இல்லாமல் பதினொரு பங்கு கூறு போட்டார். எங்களுக்கு ஒரு பங்கு போக, மீதிப் பத்தையும் இலையில் கட்டிக் காவடியில் போட்டுக்கொண்டு எட்டு மைல் கிளம்பிவிட்டார். "உங்கண்ணன் சொன்ன மாதரியே மொதப் பங்கு பங்காளிக்கு" என்று எனக்கு ஒரு குத்து வேறு.

பங்காளிகள் ஊருக்குப் போகிற பாதை எதுவென்று நினைக்கிறீர்கள்? பாப்பாயி வாசல், அர்த்தனாரி வாசல், ராசப்பன் வாசல். மூன்று வாசலையும் கறிக்காவடியோடு கடந்து போயிருக்கிறார் இந்த மகராசன். ராசப்பன் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தானாம்!

ஊரில் பங்காளிகளுக்கு ஒரே சந்தோசம். ஆனால் வெயிலில் எட்டு மைல் போன கறி எப்படி இருக்கும்? பாதியை நாய்க்குப் போட்டார்களாம். இங்கேயோ, மறுநாள் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன், பாப்பாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"என்ற சாமையத் தின்னு கொழுத்த பன்னி, உங்க பங்காளி வயித்துக்குப் போகுதாக்கும்!"

முறை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் சொன்னதுதான் நியாயம் என்று எனக்கே பட்டது. இப்போது மூன்று வீட்டிலும் எங்களோடு பேச்சில்லை. ராசப்பன் குரங்கை ஓட்டும்போது மட்டும் "பாத்துக்கங்க" என்று சொல்லுவானே, அதையும் நிறுத்திவிட்டான்.

உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போன தங்கை,
கண்ணாயி


சேந்தமங்கலம்
25-10-1936

தங்கை கண்ணாயிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தது தப்பு. அந்த மகராசன் மூன்று வாசலையும் கடந்து போன இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து, பிள்ளைகள் எல்லாம் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

ஆனாலும் முறை முறைதான், மாப்பிள்ளை மேல் குற்றமில்லை. அந்த மூன்று வீட்டாரும் பேசாவிட்டால் போகட்டும். அறுப்புக்கு ஆள் வேண்டுமே என்று கவலைப்படாதே. உன் பெரிய மச்சாண்டாரைச் சந்தையில் பார்த்துச் சொல்லிவிட்டேன். பத்து வீட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். வைகாசியையும் மறக்காதே. திரும்பி வருவதில் ஒரு வெட்கமும் இல்லை கண்ணு.

அண்ணன்,
அப்பாசாமி


ஊற்றுப்பள்ளம்
17-1-1937

அன்பான அண்ணனுக்கும் அண்ணிக்கும் கண்ணாயி எழுதுவது.

பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. சொல்ல வேண்டியது மலையளவு இருக்கிறது, சந்தைக்குப் போகிற அர்த்தனாரி வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். ஆமாம், அவரேதான். இந்தக் கடிதம் அவர் மடியில்தான் வருகிறது.

ஐப்பசி மழையில் பாப்பாயி குடிசையின் கூரை மொத்தமாகப் பறந்துவிட்டது. பேச்சில்லாவிட்டாலும் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? ஆட்டையும் அவளையும் எங்கள் குடிசைக்கு ஓட்டி வந்தோம். எங்கள் இடம் மேடு. மழை விட்டதும் அவள் பழைய இடத்துக்குப் போகாமல் எங்கள் சுவரை ஒட்டியே ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது அர்த்தனாரிக்குப் பாதி கேட்கும், பாதி கேட்காது. அந்த மனிதருக்கு அது பொறுக்குமா? பத்தாவது நாள் மூங்கிலும் புல்லுமாக வந்து இறங்கிவிட்டார். தனியாக இருக்கப் பயந்து கடைசியில் ராசப்பனும் வந்தான். "சிறுத்தை வருதுங்கக்கா" என்றான். சிறுத்தைக்கே சிறுத்தை பயம்!

ஒரே வாசலில் நாலு வீடு என்றதும் எல்லாம் மாறிவிட்டது. நடு மேட்டில் ஒரு பரண் கட்டினோம். அதில் ஏறினால் நாலு காடும் தெரியும். நாளுக்கு ஒருவர் காவல், மற்றவர்கள் வேலை பார்க்கலாம். ராசப்பன் உறுமினால் இப்போது குரங்கு பள்ளத்தை விட்டே ஓடுகிறது. ஓட இன்னொரு காடு இல்லையே!

ஒருநாள் அவன் பரணில் தூங்கிவிட்டான். முன்னே என்றால் யாருக்குத் தெரியப் போகிறது? இப்போது உலை கொதிப்பதற்குள் நாலு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. விறகு வெட்டிக் கொடுத்து வீட்டுக்கு ஒருநாளாகச் சாப்பிடுகிறவன் அவன். அன்றைக்கு என் முறை. சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பாப்பாயி வீட்டுக்குப் போனான், அவளும் கவிழ்த்து வைத்திருந்தாள். அர்த்தனாரி கஞ்சி கொடுக்கவில்லை, அதற்குப் பதில் ஒரு பொழுது முழுக்கப் புத்தி சொன்னார். அதற்குப் பட்டினியே மேல் என்று ராசப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். அதற்கப்புறம் அவன் தூங்கவில்லை.

கார்த்திகையில் இன்னொரு பன்றி விழுந்தது. இந்தத் தடவை நாலு பங்கு. உங்கள் மாப்பிள்ளை முறைக்குப் பயந்து ஒரு நிமிசம் கத்தியோடு நின்றார். நான் அவரையே பார்த்தேன். கூறு போட்டுவிட்டார்.

நீங்கள் சொல்லி வைத்தபடி பங்காளிகளும் வந்தார்கள். தங்கள் அறுப்பை முடித்துவிட்டு, எங்கள் அறுப்பு முடிந்த மறுநாள் வந்தார்கள்! குறை சொல்லவில்லை அண்ணா. அவர்கள் சாமையும் அதே வாரத்தில்தானே முற்றும்? தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது, அது தண்ணீரின் குற்றமா? வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, ஆடிப் பாடிவிட்டுப் போனார்கள். நாலு வீட்டாருமே சேர்ந்து எல்லாக் காட்டையும் அறுத்து முடித்திருந்தோம். குதிர் நிறைந்துவிட்டது அண்ணா. நிறைந்து, மேலே இரண்டு கூடையும் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. அண்ணியிடம் தனியாகச் சொல்லுங்கள். எனக்கு ஐந்தாம் மாதம்.

கண்ணாயி


சேந்தமங்கலம்
2-2-1937

என் தங்கமான கண்ணாயிக்கு,

உன் அண்ணி அழுதாள், சிரித்தாள், கோயிலுக்கு ஓடினாள். நான் ஓடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் தாய்மாமன்! இந்த ஊரில் பேர் தெரியாத எதிர்வீட்டுக்காரரிடம்கூடப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பெயர் வெங்கிடுசாமியாம்.

தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். அப்பா அம்மா இல்லாத உனக்கு என் வீடுதான் தாய்வீடு. வைகாசி பாதியில் பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் இரண்டு ஆளும் டோலியுமாக நானே மலையேறி வருகிறேன். பிள்ளையின் நாக்கில் முதல் தேனைத் தொட்டுச் சேனை வைப்பது தாய்மாமன் முறை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், அதனால் இப்போதிருந்தே கோபத்தைக் குறைத்துப் பழகுகிறேன். உன் அண்ணி நம்பவில்லை.

ஒன்று மனசில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். குதிர் நிறைந்தது சந்தோசம். ஆனால் கைக்குழந்தையோடு அந்தப் பள்ளத்துக்குத் திரும்ப வேண்டாம். ஒரு வெள்ளாமைக்கு ஒத்துழைத்தவர்கள் ஒரு பிள்ளையை வளர்க்க ஒத்துழைப்பார்களா? அதற்கு ரத்தம் வேண்டும். வயல் வைகாசி வரை இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் ஊருக்கே போய்விடுங்கள்.

அண்ணன்,
அப்பாசாமி


ஊற்றுப்பள்ளம்
30-5-1937

அண்ணா,

ஆண் குழந்தை. இருவரும் சுகம். முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் கோபப்படலாம்.

பத்து நாளாகிறது. மூன்று வாரம் முன்கூட்டியே வந்துவிட்டான். காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது வலி எடுத்தது. உங்கள் மாப்பிள்ளை உப்பு வாங்கச் சந்தைக்கு இறங்கியிருந்தார். பாப்பாயி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அர்த்தனாரி பெண்சாதி வெந்நீர் வைத்தாள். அர்த்தனாரி பேசவில்லை என்றால் நம்புவீர்களா? ஒரு வார்த்தை பேசவில்லை! ராசப்பன் நான் கேட்காமலேயே ஒரு மாத விறகை வெட்டிப் போட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து என்னைவிடச் சத்தமாக அழுதானாம்.

பிள்ளை பிறந்து வீறிட்டுக் கத்தினான். தேன் எடுத்து வைத்திருந்தார்கள். சேனை வைக்க வேண்டும், தாய்மாமனோ சேந்தமங்கலத்தில். ஆள் போய் நீங்கள் வர இரண்டு நாளாகும்.

"தாய்மாமன் மொறைக்கு இங்க ஆரு?" என்று பாப்பாயி கேட்டாள். எல்லாரும் யோசித்தார்கள். அர்த்தனாரி உங்கள் மாப்பிள்ளையைத் தம்பி என்று கூப்பிடுகிறவர், அதனால் பெரியப்பன் ஆகிவிட்டார். முதல் நாளிலிருந்து என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டவன் ஒருத்தன்தான்.

"நானுங்களா? ஐயோ, வேண்டாமுங்க! என்ற கொணம் வந்துருமுங்க, புள்ள தூங்கியே போயிருமுங்க!" என்று ராசப்பன் ஓடப் பார்த்தான். அர்த்தனாரி பிடித்து உட்கார வைத்தார். கையைப் பத்துத் தரம் கழுவிக்கொண்டு வந்தான். தேனைத் தொட்டு வைத்தான். கத்திக்கொண்டிருந்தவன் சப்புக்கொட்டிவிட்டு அமைதியானான்.

உங்கள் உரிமையை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டேன் அண்ணா. நினைக்கும்போது எனக்கு உங்களை நினைத்து அழுகையாகவும் வருகிறது, அவன் முகத்தை நினைத்துச் சிரிப்பாகவும் வருகிறது.

பெரிய மச்சாண்டார் வயலுக்குப் பதில் கேட்டு ஆள் விட்டிருக்கிறார். "உங்கண்ணன் சொன்னா போயிரலாம்" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அம்மா அப்பா இடத்தில் இருக்கிற நீங்கள் சொன்னால் நான் மீற மாட்டேன். நீங்கள் "திரும்பு" என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன். ஆனால் சொல்லாதீர்கள் அண்ணா.

கண்ணாயி


சேந்தமங்கலம்
13-6-1937

ஊற்றுப்பள்ளம் ராசப்பனுக்கு, முகம் பார்த்திராத அப்பாசாமி எழுதுவது.

உனக்குப் படிக்கத் தெரியாது என்று அறிவேன். இதைப் படித்துக் காட்டுவது என் தங்கை. கண்ணாயி, எழுதியிருப்பதை மட்டும் படி, சொந்தச் சரக்குச் சேர்க்காதே.

அப்பா, ராசப்பா, உன்மேல் எனக்கு மூன்று நாள் பொறாமை. சோறு இறங்கவில்லை. நாலு மாதமாகக் கோபத்தை அடக்கிப் பழகியதெல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. "எவனோ ஒருத்தன், சோம்பேறி, என் மருமகனுக்குச் சேனை வைப்பதா?" என்று வீடு அதிரக் கத்தினேன். என் வீட்டுக்காரி என்னைக் கத்துகிற வரைக்கும் கத்தவிட்டு, "புள்ள அழுதப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

எங்கே இருந்தேன்? இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்று பெருக்கல் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். என் சதை ஆடத்தான் செய்திருக்கும் ராசப்பா. பதினைந்து மைலுக்கு அப்பால் ஆடி யாருக்கு என்ன பிரயோசனம்? நீ வாசலில் இருந்தாய், விறகு வெட்டினாய், அழுதாய்.

நேற்றுச் சந்தையில் எங்கள் மாப்பிள்ளை சென்றாயனின் பெரிய அண்ணனைப் பார்த்தேன். வயலை நீங்களே உழுதுகொள்ளுங்கள், என் தங்கை ஊற்றுப்பள்ளத்தில்தான் இருப்பாள் என்று சொல்லிவிட்டேன். கண்ணாயி, இந்த இடத்தில் அழுதுகொண்டு நிற்காதே, மேலே படி.

இனிமேல் உன் விசயம். என் தங்கை மகனுக்கு நீ தாய்மாமன் என்றால் எனக்கு என்ன ஆகிறாய் என்று யோசித்துப் பார்த்தேன். தம்பி ஆகிறாய். தப்பிக்க வழியில்லை. அண்ணன் என்கிற உரிமையில் சொல்கிறேன், உனக்கு ஒரு பெண் பார்க்கச் சொல்லி என் வீட்டுக்காரியை முடுக்கி விட்டிருக்கிறேன். பெண் வீட்டார் வந்து விசாரித்தால் சோம்பேறி என்று யாரும் சொல்லக் கூடாது. அர்த்தனாரியிடம் முதலில் சொல்லி வை, அவர் வாய்தான் எனக்குப் பயம்.

ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் இருவரும் மலையேறி வருகிறோம். தாய்மாமன் சீர் இரண்டு பேருடையதாகப் போகட்டும். தொட்டிலுக்குத் துணி நான் கொண்டு வருகிறேன், மூங்கில் நீ வெட்டி வை. தங்கையைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அண்ணன் கையை நனைத்துவிட்டு எழுந்துவிடுவான், உட்கார்ந்து தின்னமாட்டான். தம்பி வீட்டில்தான் உரிமையோடு உட்கார்ந்து வயிறு நிறையத் தின்பான். ஆகையால் நாங்கள் வந்து இறங்குவது உன் குடிசையில்தான்.

சோறு நீதான் ஆக்க வேண்டும். கண்ணாயி ஆக்கிக் கொடுத்தால் எனக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

உன் அண்ணன்,
அப்பாசாமி